ஓசூருக்கு ஒரு ஜிப் கடை

‘நம்ம ஓசூருக்கு இன்னும் என்ன வரணும்?’ என்று போன இதழில் கேட்டாலும் கேட்டோம், தபால்காரர் என்னை முறைக்கிற அளவுக்குக் கடிதங்கள். பாதிப் பேர் விமானம் கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் செருப்புத் தைக்கிறவரைக் கேட்டிருக்கிறார்கள். என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. ‘பேரைப் போட்டுடாதீங்க, மாமனார் படிப்பார்’ என்று மூன்று பேர் தனியாகக் குறிப்பு வைத்திருந்ததால், இந்த முறை எல்லோருக்கும் இடப்பெயர்தான் பெயர்.

பஸ் ஸ்டாண்ட் வாசகர்: ஊருக்கு ஒரே ஒரு கடை வரமாகக் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

ஜிப் ரிப்பேர் கடை. சிரிக்காதீர்கள், பட்டவன் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் என் தோள்பை வாயைப் பிளந்துகொண்டது. ஜிப்பின் பல்லெல்லாம் சரியாக இருக்கிறது, ரன்னர் மட்டும் தளர்ந்துவிட்டது. இழுத்தால் ஓடும்; ஓடின வேகத்தில் பின்னாலேயே திறந்துகொண்டும் வரும். முதல் கடைக்காரர் பையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, “புதுசே ஐந்நூத்தம்பதுக்கு இருக்கு சார்” என்றார். டெய்லரிடம் போனேன். “பேன்ட் ஜிப் போடுவோம், பை ஜிப் போடறதில்லை.” அவர் ஜாதகத்தில் அப்படி எழுதியிருக்கிறது போலும். மூன்றாவது கடையில் இருந்த பையன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஆன்லைன்ல கிட் வரும் அங்கிள்” என்றான்.

கடைசியில் ஒரு டீக்கடைக்காரர்தான் துப்புக் கொடுத்தார். சந்து முனையில் பெரிய குடை விரித்து ஒருவர் உட்காருவாராம், செவ்வாய்க்கிழமை மட்டும் வரமாட்டாராம். நான் போனது செவ்வாய். புதன்கிழமை போனேன், மகளுக்குப் பிரசவம் என்று தர்மபுரி போய்விட்டார். பதினோராம் நாள் ஆள் கிடைத்தார். பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தார். உள்ளே நூறு ரன்னர்களாவது இருக்கும், கறுப்பு, பித்தளை, ஐந்தாம் நம்பர், எட்டாம் நம்பர் என்று. ஓரத் தையலை நாலு இழை பிரித்தார், பழையதை உருவினார், புதியதைக் கோத்தார், குறடால் ஒரு அழுத்து. இரண்டே நிமிடம், இருபது ரூபாய்.

“இந்த வேலை பாக்கறவங்க ஊர்ல எத்தனை பேர்ணா?”

“முன்ன நாலு பேர் இருந்தோம். இப்ப நான்தான். அவங்க பசங்கெல்லாம் கம்பெனிக்குப் போயிட்டாங்களே.”

அவருக்கு ஒரு கூரையும் ஒரு சிஷ்யனும் கிடைத்தால் போதும். நான் கேட்கிற வரம் அவ்வளவுதான்.

பேரிகை ரோடு வாசகர்: விமான நிலையம் எப்போது வரும்? எங்கள் தெருவில் இப்போதே ‘ஏர்போர்ட் சிட்டி’ என்று பிளாட் விற்கிறார்கள்.

விமானத்துக்கு முன்னால் பிளாட் வந்துவிடும் என்பது ரியல் எஸ்டேட் சாஸ்திரம். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார்: 2,000 ஏக்கரில் ஓசூருக்குப் பன்னாட்டு விமான நிலையம், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் அளவுக்கு. சென்னை விமான நிலையமே 2023-24இல் ஏறத்தாழ 2.1 கோடிப் பேரைத்தான் கையாண்டது. ஆசையில் நாம் கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தேவனஹள்ளியில் பெங்களூரு விமான நிலையம் கட்டியபோது மத்திய அரசு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்துக்குக் கையெழுத்துப் போட்டது. திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, 150 கிலோமீட்டர் சுற்றளவில் போட்டியாக இன்னொரு விமான நிலையம் வரக் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. ஓசூரை யாரும் அப்போது நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இன்னும் இரண்டு ஷரத்து சேர்த்திருப்பார்கள். தேவனஹள்ளி திறந்தது 2008. கணக்கு உங்களுக்கே வரும், 2033. நிலம் எடுத்து, கட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடிக்கும்போது அந்த வருஷம் தானாக வந்து நிற்கும் என்பது அரசின் கணக்காக இருக்கலாம்.

ஒன்று தெரியுமா? பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே விமானங்கள் பழுது பார்க்க வந்து போகின்றன. ஆக, விமானத்துக்கு ரிப்பேர் பார்க்க ஓசூரில் ஆள் உண்டு. என் பைக்கு ஜிப் போடத்தான் பதினோரு நாள்.

பாகலூர் ரோடு வாசகர்: கையில் 5 லட்சம் இருக்கிறது. பிரியாணிக் கடை போடலாமா?

பாகலூர் ரோட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியா? உங்கள் வீட்டு வாசலிலிருந்து இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய பிரியாணி அண்டாக்களை ஒரு தடவை எண்ணிவிட்டு வாருங்கள். எண்ணி முடிப்பதற்குள் இன்னும் ஒன்று திறந்திருப்பார்கள், வாழைமரம் கட்டி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று.

துணி துவைக்கிற கடை போடுங்கள். நான் சொல்வது டிரை கிளீனிங் இல்லை. பட்டுப் புடவைக்கும் கோட்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். கம்பெனி யூனிஃபார்முக்குத்தான் ஆள் இல்லை. சிப்காட்டைச் சுற்றி ஒரு அறைக்கு ஐந்து ஆறு பையன்களாகத் தங்கியிருக்கிறார்களே, ஞாயிற்றுக்கிழமை அந்த மொட்டை மாடிகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே ஒரு பக்கெட், ஆறு பேர் வரிசை. கட்டிங் ஆயிலும் கிரீஸும் பிடித்த சட்டையை எந்தப் பவுடர் போட்டுக் கசக்கினாலும், காலர் வெளுக்குமே தவிர கறை போகாது. முழங்கைப் பக்கம் ஒரு பழுப்பு நிறத் தேசப்படம் அப்படியே நிற்கும். அதை வைத்தே யார் எந்த மெஷினில் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். மழைக்காலத்தில் ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டு காலை ஷிப்ட் பஸ் ஏறுகிறார்கள். ஓசூர்க் குளிரில்!

கிலோ கணக்கில் வாங்குங்கள், எண்ணெய்க் கறைக்குத் தனியாக ஊறவையுங்கள், ராத்திரி கொடுத்தால் மறுநாள் ராத்திரி காய்ந்த துணி. பெரிய மெஷின் இரண்டு, உலர்த்துகிற மெஷின் ஒன்று, பெயர் எழுத அழியாத மை. கிழிந்த பையைத் தைக்க, பட்டன் வைக்க ஓரமாக ஒரு தையல் மெஷினும் போட்டுவிட்டால், நம் குடைக்காரருக்கும் அங்கேயே ஒரு ஸ்டூல் கொடுத்துவிடலாம். பிரியாணியில் போட்டி அதிகம். அழுக்கில் போட்டியே இல்லை.

மத்திகிரி வாசகர்: நேர்மையான ஆட்டோ?

மீட்டரைக் கேட்கிறீர்களா, மனிதரையா? மனிதர்கள் நிறைய இருக்கிறார்கள்.

சிப்காட் வாசகி: நானும் அவரும் ஷிப்டில் வேலை. பாப்பாவுக்கு மூன்று வயசு. காப்பகத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிடறாங்க. ராத்திரியிலும் பார்த்துக்கொள்கிற காப்பகம் நம்ம ஊருக்கு வருமா?

உங்கள் கேள்விக்கு என்னிடம் ஜோக் இல்லை அம்மா.

ஒரு தொழிற்சாலை கேட்டில் ஒரு சாயங்காலம் நான் பார்த்தது இது. உள்ளேயிருந்து ஒருவர் வருகிறார், வெளியே அவர் மனைவி பிள்ளையோடு நிற்கிறார். டிபன் பாக்ஸ் மனைவியோடு உள்ளே போகிறது, பிள்ளை அப்பாவோடு வெளியே வருகிறது. மாற்றிக்கொள்ள அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பிள்ளை அம்மாவின் ஐடி கார்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கார்டு இல்லாமல் கேட் திறக்காது. செக்யூரிட்டிக்காரர் தன் விசிலைக் கழற்றிக் குழந்தையிடம் கொடுத்தார், அது கார்டை விட்டது. அன்றைக்கு அந்த ஊரில் இருந்த ஒரே காப்பகம் அந்த விசில்தான் என்று தோன்றியது.

சட்டம் இல்லாமல் இல்லை. மகப்பேறு பயன்கள் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தத்தில் வந்த விதி, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவரலாம் என்கிறது. உங்கள் கடிதப்படி நீங்கள் வேலை பார்ப்பதோ நாற்பது பேர் இருக்கிற சின்னப் பட்டறை. பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து தருகிற இப்படிப் பட்டறைகள்தான் ஓசூரில் சந்துக்குச் சந்து. ஒவ்வொன்றும் ஐம்பதுக்குக் கீழே. பத்துப் பட்டறை சேர்ந்தால் நானூறு பேர். ஒரே தெருவில் இருக்கிற பத்து முதலாளிகள் சேர்ந்து ஜெனரேட்டர் டீசல் மொத்தமாக வாங்குகிறார்கள், லாரி பேசுகிறார்கள். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று ஷிப்டுக்கும் ஆயா போட முடியாதா? அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். அங்கன்வாடி பகலில் நடப்பது. உங்கள் பாப்பாவுக்குத் தேவை ராத்திரி.

இதை நடத்த முன்வருகிறவருக்கு இந்தப் பத்தியில் விளம்பரம் இலவசம். ஆசிரியரிடம் கேட்டாகிவிட்டது.

ராயக்கோட்டை ரோடு வாசகர்: வீடு ஓசூரில், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். எனக்கு என்ன சேவை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

முதுகு பிடித்துவிட ஒரு ஆள்.

தளி ரோடு வாசகர்: பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டது. நமக்கு எப்போது?

2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் திறந்ததிலிருந்து ஓசூரில் எல்லோரும் கழுத்தை நீட்டி வடக்கே பார்க்கிறார்கள். நடுவில் குறுக்கே கிடப்பது இரண்டு மாநிலம் மட்டுமல்ல, இரண்டு கரன்ட். பெங்களூரு மெட்ரோ 750 வோல்ட்டில் ஓடுவது, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு தண்டவாளம் வழியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சென்னை மெட்ரோ தரப்பு நமக்கு யோசித்தது 25,000 வோல்ட், தலைக்கு மேல் கம்பியில். மாமியார் வீட்டு மிக்ஸியும் நம் வீட்டு பிளக்கும் போலப் பொருந்தவில்லை. தொழில்நுட்பத்தில் ஒத்துவராது என்று பெங்களூரு மெட்ரோக்காரர்கள் கைவிரித்ததாகச் செய்தி வந்தது. எல்லையில் ஒரு நிலையம் கட்டி, இந்த ரயிலிலிருந்து இறங்கி அந்த ரயிலில் ஏறச் சொன்னாலும் நமக்குச் சம்மதமே. அத்திப்பள்ளியில் பஸ் மாறி மாறி நமக்கு அதில் நல்ல பயிற்சி.

ஜூஜூவாடி வாசகி: டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை. எல்லையைத் தாண்டினால் டிக்கெட். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கும் இலவசம்தானே?

அவர்களுக்கு அவர்கள் ஊரில், உங்களுக்கு உங்கள் ஊரில். நம் விடியல் பயணம் 2021இல் வந்தது, அவர்கள் சக்தி திட்டம் 2023இல். அதில் ஏறக் கர்நாடக முகவரி வேண்டும். நீங்கள் கேட்காமல் விட்ட சேவை ஒன்று உண்டு. எல்லையில் நின்று பரஸ்பரம் கைகுலுக்கிக்கொள்ள இரண்டு அதிகாரிகள். செலவே இல்லாத திட்டம், அதனால்தான் தாமதம்.

பெயர் வேண்டாம் என்றவர்: குடும்பத்தோடு போய் உட்கார்ந்து குடிக்கிற மாதிரி, கௌரவமான ஒரு பார்...

ஐயா, ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இங்கிருந்து கூப்பிடு தூரம். 1937இல் அவர் மதுவிலக்கைத் தொடங்கியதே சேலம் மாவட்டத்தில்தான், அப்போது ஓசூரும் அதில் அடக்கம். உங்கள் கடிதத்தை அங்கே இருக்கிற அவர் நினைவு இல்லத்தின் பக்கமாக எடுத்துப் போகக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

அவலப்பள்ளி வாசகர்: கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது. இதை வைத்து ஏதாவது தொழில் உண்டா?

பெங்களூரு துவைக்கிறது, தென்பெண்ணை அலசுகிறது, நாம் வேடிக்கை பார்க்கிறோம். தொழில் எதற்கு? பக்கத்து மாநிலத்தில் சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடினால் அதுவே நமக்குப் பெரிய சேவை. நல்லவேளை, குடிப்பதற்கு 2013இலிருந்து ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. வருகிற நாளில்.

பூ மார்க்கெட் வாசகர்: உலகத்துக்கே ரோஜா அனுப்புகிற ஊர். கல்யாண நாளுக்கு மனைவிக்கு அழகாக ஒரு கொத்து வாங்கிக் கொடுக்கலாம் என்று போனால், கட்டாகத்தான் கொடுப்பேன் என்கிறார்கள்.

ஏற்றுமதி ரோஜா கட்டுக்கு இருபது பூ. பசுமைக் குடிலில் வெட்டி, காம்பை ஒரே நீளத்துக்கு நறுக்கி, மொட்டைச் சுற்றி அட்டைக் காகிதம் உருட்டி, குளிர் அறையில் வைத்து, லாரியில் பெங்களூரு போய் விமானம் ஏறுகிறது. பிப்ரவரி 14க்கு முந்தின பத்து நாள் இங்கே யாருக்கும் தூக்கம் கிடையாது. அத்தனை பாடுபட்டும், எங்கோ வெளிநாட்டில் முகம் தெரியாத ஒரு பெண்மணிக்கு நம் ரோஜா போய்ச் சேர்கிறது, பூ மார்க்கெட் பக்கத்துத் தெருவில் இருக்கிற உங்கள் மனைவிக்குச் சேரவில்லை.

இருபதையும் வாங்கிவிடுங்கள். ஐந்தைக் கொத்தாகக் கட்டிக் கொடுங்கள். பதினைந்தை அடுத்த பதினைந்து வருஷத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பதால், மாமியாருக்குக் கொடுங்கள். பலன் பதினைந்து வருஷம் நிற்கும்.

ரயில்வே ஸ்டேஷன் ரோடு வாசகர்: சென்னைக்குப் போக ஜோலார்பேட்டைக்கு பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரி வழியாக ஒரு ரயில் பாதை கேட்டால் குற்றமா?

குற்றமில்லை, பழைய பாக்கி. தாத்தா காலத்தில் இருந்ததைத்தான் திருப்பிக் கேட்கிறோம். 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடியது, இரண்டரை அடி அகலப் பாதையில். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் இன்னொரு குட்டிப் பாதை, அது 1913இல் ஓசூர் வரைக்கும் நீண்டது. இரண்டையும் 1941இல், உலகப் போர் நடுவில் மூடிவிட்டார்கள். ஓசூருக்கு பிற்பாடு சேலம்-பெங்களூரு அகலப்பாதை கிடைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர் ஆகியும் இன்றைக்கு வரை அங்கே ரயில் நிலையம் இல்லை. போர் முடிந்துவிட்டது என்று யாராவது ரயில்வேக்குத் தந்தி அடித்தால் தேவலை. தந்தி சேவையையும் 2013இல் மூடிவிட்டார்கள் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

நேதாஜி ரோடு வாசகர் (வயது 71): பையன் கனடாவில், பெண் ஹைதராபாத்தில். எனக்கும் மனைவிக்கும் மாதம் ஒருமுறை பெங்களூரு ஆஸ்பத்திரி. பணம் இருக்கிறது சார், கூட வர ஆள்தான் இல்லை.

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

பெங்களூரில் ஒரு பெரிய சாலைக்கே ஓசூர் ரோடு என்று பெயர். நிம்ஹான்ஸும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் அந்தச் சாலையில்தான். பெயருக்கு ஏற்ற மாதிரி ஓசூர்க்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் வரிசையில் நிற்கிறோம். நம் மாவட்டத்துக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, அது போலுப்பள்ளியில், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில். நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் வடக்கே திரும்புவதா தெற்கே திரும்புவதா என்று ஒரு நிமிடம் யோசிக்கிற ஊர் நம்முடையது.

நீங்கள் கேட்கிற வேலையை நான் ஒரு நாள் செய்து பார்த்தேன், பக்கத்து வீட்டு அம்மாவுக்காக. காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். என் வேலை என்ன தெரியுமா? டோக்கன் வாங்கினேன். பழைய ஸ்கேனை எடுத்துவரவில்லை என்று கண்டுபிடித்தேன். கன்னடத்தில் கேட்டதைத் தெலுங்கில் அவருக்குச் சொன்னேன், அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழும் இங்கிலீஷுமாக டாக்டருக்குச் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதினேன். இதில் வைத்தியம் எதுவும் இல்லை, பொறுமையும் நாலு மொழியும்தான். இரண்டும் ஓசூரில் சல்லிசாகக் கிடைப்பவை. காலேஜ் முடித்து வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், பணி ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாக்கள், இவர்களைச் சேர்த்து யாராவது ஒரு ஏற்பாடு செய்தால் நாளைக்கே நடக்கும். தினக்கூலி, பஸ் செலவு, மதியச் சாப்பாடு. போலீஸ் சரிபார்ப்பு முக்கியம், அதை மறக்கக் கூடாது.

அதுவரைக்கும், ஐயா, மாதத்தில் என்றைக்குப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த ஊரில் சும்மா இருக்கிற பத்தி எழுத்தாளன் ஒருவன் இருக்கிறான்.

கல்லூரி வாசகி: பெரிய மால், அதில் பெரிய காபிக் கடை. சும்மா உட்கார்ந்திருக்கணும் சார், யாரும் எழுப்பக் கூடாது.

கேள்வியில் மால் அலங்காரம்தான், ‘சும்மா உட்காரணும்’ என்பதுதான் சங்கதி. ஒரு காபியை வைத்துக்கொண்டு நாலு மணிநேரம் உட்கார இருநூறு ரூபாய் வாடகை என்று சொல்லுங்கள், அதுதான் சரியான கணக்கு. இலவசமாக வேண்டுமானால் சந்திரசூடேசுவரர் மலைப் படி இருக்கிறது. காற்று வரும், ஊர் முழுக்கத் தெரியும், குரங்கு வந்து எழுப்பும். ராமநாயக்கன் ஏரிக்கரையில் நிழலாக நாற்பது பெஞ்சும், பெண்கள் பயமில்லாமல் போகிற மாதிரிச் சுத்தமான கழிப்பறை ஒன்றும், எட்டு மணிக்குமேல் எரிகிற விளக்கும் போட்டால் உங்கள் மாலின் பாதி வந்த மாதிரி. ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கிற படிப்பகம் ஒன்று பக்கத்திலேயே இருந்தால் முக்கால்வாசி. மிச்சம் காபிதான். அதை நான் வாங்கித் தருகிறேன்.

சானமாவு வாசகர்: எங்கள் பக்கம் யானை வருகிறது. அதற்கு என்ன சேவை?

கேழ்வரகு அறுவடைக்கு கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டமாக வருகிறவை. எல்லையில் பர்மிட் எடுக்காமல், மொழிப் பிரச்சினை இல்லாமல், பஸ் மாறாமல் வந்துபோகிற ஒரே கோஷ்டி. ‘கூட்டம் இப்போது எந்தப் பக்கம்’ என்று ராத்திரி ஏழு மணிக்கே எல்லாக் கிராமத்துக்கும் சரியாகச் சொல்லிவிடுகிற ஏற்பாடும், தின்றுபோன வயலுக்குத் தாமதமில்லாமல் பணமும் வேண்டும். யானை நேரத்துக்கு வந்துவிடுகிறது, நஷ்டஈடுதான் வருவதில்லை.

காந்தி ரோடு வாசகர்: மாப்பிள்ளை வீடு கன்னடம், பெண் வீடு தெலுங்கு, அக்கம்பக்கம் தமிழ். பத்திரிகை அடிக்கிறவர் மூன்றிலும் தப்பு விடுகிறார்.

மூன்றிலும் ஒரே மாதிரி தப்பு விட்டால் அது சமத்துவம். நம் ஊருக்கு மூன்று மொழிப் பிழை திருத்துகிறவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்தான். போன வைகாசியில் எனக்கு வந்த பத்திரிகையில் தமிழில் ஒரு முகூர்த்தம், கன்னடத்தில் வேறு முகூர்த்தம். நான் தமிழ்ப்படி போனேன். தாலி கன்னடப்படி கட்டியாகிவிட்டது. சாப்பாடு மட்டும் எல்லா மொழியிலும் பன்னிரண்டு மணிக்குத்தான் என்பதால் நட்டமில்லை.

பழைய பெங்களூர் ரோடு வாசகர்: நீங்கள் எழுதிய அத்தனையும் ஓசூருக்கு வந்துவிட்டால், வீட்டு வாடகை என்ன ஆகும்?

என் வீட்டுச் சொந்தக்காரர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர். மாடியில்தான் இருக்கிறார். அடுத்த கேள்வி இருந்தால் சொல்லுங்கள்.